திடீர் கணைய அழற்சி: முதல் 48 மணி நேரக் கண்காணிப்பு

திடீர் கணைய அழற்சியோடு வார்டுக்கு வரும் நோயாளி அந்த நேரத்தில் தெளிவாகப் பேசினாலும், மறுநாள் மூச்சுத் திணறலோடு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேரிடலாம். எனவே பயிற்சி மருத்துவர்களும் செவிலியர்களும் முதல் இரண்டு நாட்களும் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியவற்றை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

ரத்தத்தில் உள்ள அமைலேஸ், லைபேஸ் என்னும் கணைய நொதிகளின் அளவுகள் நோயைக் கண்டறிய உதவுமே தவிர, அதன் தீவிரத்தைக் காட்டுவதில்லை. நோய் உறுதியான பின் அவற்றைத் தினமும் பரிசோதிப்பது வீண் செலவு.

படி 1: நிமிடத்துக்கு நாடித்துடிப்பு 90-க்கு மேல், மூச்சு 20-க்கு மேல், உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் அல்லது 36-க்குக் கீழ், வெள்ளணுக்கள் 12,000-க்கு மேல் அல்லது 4,000-க்குக் கீழ் ஆகிய நான்கில் இரண்டு இருந்தாலே எச்சரிக்கையாக இருங்கள், அது 48 மணி நேரம் நீடித்தால் அபாயம் அதிகம். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பழக்கத்தால் எல்லோருக்கும் 18 என்று எழுதிவிடுவது இந்நோயில் ஆபத்தானது, ஏனெனில் நுரையீரல் பாதிப்பு முதலில் அங்கேதான் தெரியக்கூடும்.

படி 2: முதல் 24 மணி நேரத்துக்குள் நோயின் தீவிரத்தைக் கணிக்க உதவும் பைசாப் (BISAP) மதிப்பெண்ணைக் கணக்கிடுங்கள். ரத்த யூரியா நைட்ரஜன் டெசிலிட்டருக்கு 25 மில்லிகிராமுக்கு மேல், மனக்குழப்பம், படி 1-இல் இரண்டு அறிகுறிகள், 60-ஐத் தாண்டிய வயது, நுரையீரலைச் சுற்றி நீர் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். மூன்றோ அதற்கு மேலோ வந்தால் உடனே மூத்த மருத்துவரிடம் தெரிவியுங்கள். நம் ஆய்வகங்கள் பலவும் யூரியாவையே தருகின்றன, அதை 2.14-ஆல் வகுத்த பிறகே ஒப்பிட வேண்டும். யூரியா 50 என்றால் நைட்ரஜன் ஏறத்தாழ 23 மட்டுமே.

படி 3: சிறுநீரை மணிக்கு மணி அளந்து எழுதுங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும். குறைந்தால் சலைனை வேகமாக ஏற்றத் தோன்றும். ஆனால் அளவுக்கு மீறி ஏற்றுவது தீங்கு என்பதை 2022-இல் வெளியான வாட்டர்ஃபால் ஆய்வு காட்டியது. ஆகவே ஒவ்வொரு முறையும் நுரையீரலைக் கேட்டு, ஆக்சிஜன் அளவைப் பார்த்த பின்னரே வேகத்தை மாற்றச் சொல்லுங்கள்.

படி 4: 48 மணி நேரத்தில் அழற்சியின் அளவைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதம் லிட்டருக்கு 150 மில்லிகிராமைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். நுரையீரல், சிறுநீரகம், ரத்த ஓட்டம் ஆகியவற்றில் ஒன்றேனும் 48 மணி நேரத்துக்கு மேலும் செயலிழந்தே இருந்தால், 2012-ஆம் ஆண்டின் திருத்திய அட்லாண்டா வகைப்பாட்டின்படி அது தீவிர நோய். அதற்குள் மீண்டுவிட்டால் மிதமான தீவிரம்.

நோய் உறுதியாகியிருந்தால் சிடி ஸ்கேனுக்கு அவசரம் வேண்டாம். கணையத் திசு அழிவு முதல் மூன்று நாட்களில் முழுமையாகத் தெரியாமல் போகலாம்.