காபித்தூள் விலைப்பட்டியலை இணையப் பக்கத்தில் அட்டவணையாக அமைக்கும் முறை

ஏற்காட்டுத் தோட்டங்களில் கொட்டை வாங்கி, சேலத்தில் வறுத்து அரைத்து விற்கும் ஒருவர் தம் கடையின் இணையப் பக்கத்தில் விலைப்பட்டியல் வெளியிட விரும்பினால், அதற்காக இணையப் பக்கங்களை எழுதும் எச்.டி.எம்.எல். மொழியின் குறிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ட்ரீம்வீவர் போன்ற காட்சிவழி வடிவமைப்பு மென்பொருளில் மெனுவைத் திறந்து எண்களை நிரப்பினால் கட்டங்கள் தாமாகவே வந்துவிடும். ஆனால் எது தலைப்பு, எது தரவு, அகலம் எவ்வளவு என்பவற்றை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

முதலில் ஒரு தாளில் பட்டியலை எழுதிப் பார்ப்பது நல்லது. வரிசையாகவும் நெடுவரிசையாகவும் ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய செய்திக்கு மட்டுமே அட்டவணை பொருந்தும். சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820-களில் ஏற்காடு உள்ள சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்த வரலாற்றைப் பக்கத்தில் சொல்ல விரும்பினால், அதைப் பத்தியாக எழுதலாம்; கட்டத்துக்குள் அடைக்க வேண்டாம். 1990-களின் இறுதியில் பக்கத்தின் முழு அமைப்பையுமே அட்டவணைக்குள் வைத்துக் கட்டும் வழக்கம் இருந்தது, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழியான சி.எஸ்.எஸ். பரவலான பிறகு அதற்குத் தேவை இல்லாமல் போய்விட்டது.

நமது எடுத்துக்காட்டில் பீபரி, பிளாண்டேஷன் ஏ, ரொபஸ்டா என மூன்று ரகங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் சிக்கரி சேராததாகவும் சேர்த்ததாகவும் இருவகையில் கிடைக்கிறது. ரகம், கலவை விகிதம், 250 கிராம், 500 கிராம், 1 கிலோ என்று ஐந்து நெடுவரிசைகளும், தலைப்பு வரிசையோடு சேர்த்து ஏழு வரிசைகளும் வேண்டும். விகிதம் என்ற நெடுவரிசையை இடமில்லை என்று கருதி நீக்கிவிடக் கூடாது. காபி–சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதும், விகிதத்தை உறையின் மேல் அச்சிட வேண்டும் என்பதும் உணவுப் பாதுகாப்பு விதிகள். வாங்குபவர் கண் முதலில் தேடுவதும் அதையே.

இப்போது ட்ரீம்வீவரில், பக்கத்தை அதன் தோற்றத்திலேயே காட்டும் டிசைன் வியூவில், அட்டவணை வர வேண்டிய இடத்தில் கர்சரை வைத்து, இன்சர்ட் மெனுவில் டேபிள் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். கன்ட்ரோல், ஆல்ட், டி ஆகிய விசைகளை ஒன்றாக அழுத்தினாலும் அதே பெட்டி திறக்கும். வரிசைகள் 7, நெடுவரிசைகள் 5 என்று நிரப்பிய பின், அகலத்தை 100 என இட்டு, பக்கத்தில் உள்ள அளவுகோலைப் பிக்சலில் இருந்து சதவீதத்துக்கு மாற்றவும். பார்டர் 0 என்றே இருக்கட்டும். கோடுகளைப் பின்னர் சி.எஸ்.எஸ். மூலம் போடலாம்.

அந்தப் பெட்டியின் நடுவில் ஹெடர் என்ற பகுதியில் நான்கு சிறு படங்கள் இருக்கும். பலரும் அவற்றைப் பார்க்காமலே ஓகே அழுத்திவிடுகிறார்கள். இந்த வேலை முழுவதிலும் முக்கியமான இடம் இதுதான் என்பது என் கருத்து. போத் என்பதைத் தேர்ந்தெடுத்தால் மேல் வரிசையும் இடது நெடுவரிசையும் தலைப்புக் கட்டங்களாகக் குறிக்கப்படும். எழுத்தைத் தடிமனாக்கினாலும் கண்ணுக்கு அதே தோற்றம் கிடைக்கும் என்று நினைக்கலாம். ஆனால் பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள் தடிமனைக் கொண்டு தலைப்பை அறியாது; தலைப்புக் குறி இருந்தால்தான் ஒரு விலையைப் படிக்கும்போது அது பீபரிக்கு உரியதா, எத்தனை கிராமுக்கு உரியது என்பதையும் சேர்த்துச் சொல்லும். கீழே உள்ள கேப்ஷன் இடத்தில் ‘காபித்தூள் விலை’ என்று எழுதி ஓகே கொடுக்கவும்.

கட்டங்களை நிரப்பும்போது டேப் விசை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தும். கடைசிக் கட்டத்தில் அதை அழுத்தினால் புதிய வரிசை ஒன்று பிறந்துவிடும் என்பதை நினைவில் கொள்ளவும். ஒரே ரகத்துக்கு இரண்டு வரிசைகள் இருப்பதால், பீபரி என்று மேல் கட்டத்தில் மட்டும் எழுதி, கீழ்க் கட்டத்தை வெறுமையாக விட்டு, இரண்டையும் இழுத்துத் தேர்ந்தெடுத்துக் கன்ட்ரோல், ஆல்ட், எம் அழுத்தினால் அவை ஒன்றாகும். இரண்டிலும் எழுதியிருந்தால் இணைந்த கட்டத்தில் பெயர் இருமுறை வரும். சார்ட் டேபிள் கட்டளையால் விலைவாரியாக அடுக்கும் எண்ணம் இருந்தால், கட்டங்களை இணைப்பதற்கு முன்பே அதைச் செய்துவிட வேண்டும். இணைந்த கட்டங்கள் உள்ள அட்டவணையை ட்ரீம்வீவர் அடுக்காது.

விலைகள் ஏற்கெனவே எக்செலில் இருந்தால் மறுபடி தட்டச்சு செய்யத் தேவையில்லை. தேவையான கட்டங்களை நகலெடுத்து, ட்ரீம்வீவரில் பேஸ்ட் ஸ்பெஷல் மூலம் டெக்ஸ்ட் வித் ஸ்ட்ரக்சர் (அமைப்புடன் கூடிய எழுத்து) என்ற தேர்வில் ஒட்டினால், எக்செலின் நிறமும் எழுத்துருவும் ஒட்டிக்கொண்டு வராமல் கட்டங்கள் மட்டும் வரும். உரைக்கோப்பில் இருந்து இறக்குமதி செய்பவர்கள் காற்புள்ளியைப் பிரிப்பானாக வைக்க வேண்டாம். 1,150 என்ற விலை 1 என்றும் 150 என்றும் இரு கட்டங்களாகப் பிளந்துவிடும். டேப் பிரிப்பானே பாதுகாப்பானது. இன்னொரு சிக்கல் நம் ஊருக்கே உரியது. கடையின் பழைய கோப்புகள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தால், இணையப் பக்கத்தில் பீபரி என்ற பெயருக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். அவற்றை முதலில் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து முறைக்கு மாற்றிக்கொண்டு, பக்கத்தின் குறியாக்கம் யூ.டி.எஃப்.-8 என்று இருப்பதையும் பார்த்துக்கொண்டு பிறகு ஒட்டவும்.

நெடுவரிசையின் கோட்டைச் சுட்டியால் பிடித்து இழுத்து அகலம் மாற்றுவது எளிதாகத் தோன்றும், அதைத் தவிர்க்கவும். ஒவ்வொரு இழுப்பும் கட்டங்களுக்குள் அகல எண்ணை எழுதி வைக்கிறது. அந்த எண்கள் ஒன்றுக்கொன்று முரண்படத் தொடங்கினால் அட்டவணை ஒவ்வொரு உலாவியிலும் ஒவ்வொரு விதமாக நிற்கும். ஏற்கெனவே இழுத்துவிட்டவர்கள், ஆவணச் சாளரத்தின் அடியில் உள்ள குறிப்பட்டையில் டேபிள் என்பதைச் சொடுக்கி முழு அட்டவணையையும் தேர்ந்தெடுத்து, பிராப்பர்ட்டீஸ் பேனலில் கிளியர் காலம் விட்த்ஸ் பொத்தானை அழுத்தினால் அத்தனை எண்களும் நீங்கும்.

கோடு, நிறம், இடைவெளி ஆகியவற்றைச் சி.எஸ்.எஸ். டிசைனர் பேனலில் அமைக்கலாம். பார்டர்-கொலாப்ஸ் என்ற பண்புக்குக் கொலாப்ஸ் என்ற மதிப்பைக் கொடுத்தால் இரட்டைக் கோடுகள் ஒற்றையாகும். விலைகளை வலப்பக்கம் ஒட்டி நிறுத்தவும்; நூறும் ஆயிரமும் இலக்கத்தின் கீழ் இலக்கமாக நின்றால்தான் ஒப்பிட முடியும். மற்றவை அவரவர் விருப்பம்.

பக்கத்தை ஏற்றுவதற்கு முன் உலாவிச் சாளரத்தைக் கைப்பேசி அளவுக்குக் குறுக்கிப் பார்க்க வேண்டும். பிளாண்டேஷன் போல் தமிழில் எழுதிய நீண்ட சொற்கள் நெடுவரிசையை அகலப்படுத்தி, கடைசியில் உள்ள 1 கிலோ விலையைத் திரைக்கு வெளியே தள்ளிவிடக்கூடும். அப்போது எழுத்தைச் சிறிதாக்காமல், அட்டவணையை டிவ் என்ற உறைபோன்ற குறிக்குள் வைத்து, அதன் ஓவர்ஃப்ளோ-எக்ஸ் பண்பை ஆட்டோ என்று அமைத்தால், பக்கம் அசையாமல் அட்டவணை மட்டும் பக்கவாட்டில் நகரும். அறுவடை முடிந்து விலை மாறும்போது அந்தந்த எண்ணை மட்டும் திருத்தினால் போதும். புதிய ரகம் சேர்ப்பதானால் ரொபஸ்டாவின் கடைசி விலைக் கட்டத்தில் நின்று டேப் அழுத்தி, வரும் வரிசையின் முதல் கட்டத்தில் தலைப்புக் குறி இருக்கிறதா என்று பிராப்பர்ட்டீஸ் பேனலில் பார்த்து, இல்லையெனில் ஹெடர் என்ற பெட்டியில் டிக் செய்துகொள்ளவும்.