யூகேல மாஸ்டர்ஸ் படிக்க வர்றீங்களா? ஐஇஎல்டிஎஸ் தாண்டுனதோட இங்கிலீஷ் முடிஞ்சுதுன்னு நெனச்சிடாதீங்க

செப்டம்பர் ஆனா போதும், ரூம் எங்க கிடைக்கும், எந்த சிம் வாங்கறது, குக்கர் எடுத்துட்டு வரலாமா, பார்ட் டைம் எங்க தேடறதுன்னு மெசேஜா வந்து குவியும். அதுக்கெல்லாம் பதில் சொல்ல ஊர்ப்பட்ட பேர் இருக்காங்க. படிப்பு பத்தி மட்டும் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க, ஜனவரி பிப்ரவரில மொத மார்க் வந்தப்புறம் தான் போன் வரும், "அண்ணா 46 போட்டுருக்காங்கண்ணா, நான் நல்லாத்தானே எழுதுனேன்"னு. அதனால இந்த தடவ முன்னாடியே எழுதி வச்சிடுறேன்.

என் கதையும் அதே தான். ஐஇஎல்டிஎஸ்ங்கற இங்கிலீஷ் டெஸ்ட்ல 6.5 இருந்துச்சு, அதனால ப்ரீ-செஷனல் கோர்ஸ் (மாஸ்டர்ஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி யூனிவர்சிட்டியே நடத்தற இங்கிலீஷ் கோர்ஸ்) எனக்கு தேவையில்லன்னு நேரா வந்து உக்காந்துட்டேன். மொத அசைன்மெண்ட் 48. மாஸ்டர்ஸ்ல பாஸ் மார்க்கே 50. ஃபீட்பேக்ல 'வெரி டிஸ்கிரிப்டிவ்'னு போட்டுருந்தாங்க, நானும் பரவால்ல நல்லா விவரமா எழுதிருக்கன்னு பாராட்டுறாங்க போலன்னு ரெண்டு நாள் நெனச்சிட்டு இருந்தேன், அப்புறம் தான் தெரிஞ்சுது இங்க அது திட்டு. என் ரூம் மேட் திருநெல்வேலி பையன், 6.0 தான் வாங்கிருந்தான், வேற வழியில்லாம கோடைலயே வந்து பத்து வாரம் ப்ரீ-செஷனல் பண்ணான், நாங்கல்லாம் ஓட்டுனோம். அவனுக்கு மொத அசைன்மெண்ட்லயே 63.

அந்த பத்து வாரத்துல அவனுக்கு யாரும் கிராமர் எடுக்கல. ஒரு டாபிக் குடுத்து, அதுக்கு பேப்பர் தேட விட்டு, படிக்க விட்டு, ஒரு குட்டி ரிசர்ச் மாதிரி எழுத வச்சு, அத எல்லார் முன்னாடியும் பேச வச்சிருக்காங்க. ஐஇஎல்டிஎஸ்ல 40 நிமிஷத்துல 250 வார்த்தை, யார் சொன்னாங்கன்னு ஆதாரம் கேக்கவே மாட்டாங்க. இங்க 3000 வார்த்தை, ஒவ்வொரு வரிக்கும் 'உனக்கு எப்படி தெரியும்'னு கேப்பாங்க. கோச்சிங் சென்டர்ல மனப்பாடம் பண்ண 'இன் திஸ் மாடர்ன் எரா'வெல்லாம் ஏர்போர்ட்லயே விட்டுட்டு வந்துடுங்க.

சரி, டிஸ்கிரிப்டிவ் இல்லன்னா வேற என்ன? 'கிரிட்டிக்கலா எழுது'ம்பாங்க. நம்மாளுங்க அத குறை சொல்றதுன்னு எடுத்துக்கறாங்க, பெரிய பெரிய ப்ரொஃபசர நாம எப்படி குறை சொல்றதுன்னு பயம் வேற. ஆனா இது நமக்கு புதுசே இல்லங்க. நன்னூல்ல ஏழு வகை மதம்னு வரும், மதம்னா இங்க கொள்கை. அடுத்தவர் சொன்னத ஒத்துக்கறது, மறுக்கறது, மொதல்ல ஒத்துக்கிட்டு போய் அப்புறம் களையறது, தானே ஒன்ன நாட்டி அத நிறுத்தறது, ரெண்டு பேர் மாறி மாறி சொல்லும்போது ஒரு பக்கம் துணியறது, பிறர் நூல்ல இருக்க குத்தத்த காட்டறது, யாரோடயும் சேராம தன் கொள்கைய வச்சுக்கறது. லிட்டரேச்சர் ரிவ்யூன்னு இங்க சொல்றது, அதாவது ஒரு டாபிக்ல முன்னாடி மத்தவங்க எழுதினத அலசறது, அச்சு அசல் இதான். பரிமேலழகர் கூட தன் உரைய சொல்லிட்டு, 'என்று உரைப்பாரும் உளர்'னு அடுத்தவர் கருத்தையும் எடுத்துப் போடுவாரு, சில இடத்துல அது ஏன் பொருந்தாதுன்னும் சொல்வாரு. நம்ம காலேஜ்ல நோட்ஸ அப்படியே பேப்பர்ல எறக்கி மார்க் வாங்கி பழகுனதால இதெல்லாம் மறந்து போச்சு, அவ்ளோ தான்.

உதாரணத்துக்கு, வீட்லேந்து வேலை பாத்தா வேலை நல்லா நடக்குதுன்னு ஒரு பேப்பர் சொல்லுது, இல்ல கெடுதுன்னு இன்னொன்னு சொல்லுதுன்னு வச்சுக்குங்க. 'இவர் இப்படி சொல்றார், அவர் அப்படி சொல்றார்'னு நிறுத்துனா அது டிஸ்கிரிப்டிவ், நாப்பத்தி சொச்சம். மொத பேப்பர் கால் சென்டர் ஆளுங்கள வச்சு பண்ணது, ரெண்டாவது டீமா டிசைன் பண்றவங்கள வச்சு பண்ணது, அதனால வேலையோட தன்மைய பாக்காம பொதுவா ஒன்னு சொல்ல முடியாதுன்னு நீங்க எழுதுனா அது கிரிட்டிக்கல். இங்கிலீஷ் ரெண்டுலயும் ஒன்னு தான் பாருங்க.

மார்க் விஷயம் வீட்ல முன்னாடியே சொல்லி வச்சிடுங்க. 60 தாண்டுனா மெரிட், 70 தாண்டுனா டிஸ்டிங்ஷன், 80 எல்லாம் அபூர்வம். எனக்கு 64 வந்தப்போ எங்கம்மா "என்னடா சரியா சாப்பிடறதில்லையா"ன்னு கேட்டாங்க.

இன்னொரு கணக்கு. மாஸ்டர்ஸ் மொத்தம் 180 கிரெடிட், அதுல டிசர்டேஷன் (கடைசில எழுதற பெரிய ஆய்வுக் கட்டுரை) பெரும்பாலும் 60. ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேர படிப்புன்னு கணக்கு, அப்போ 20 கிரெடிட் மாட்யூல்னா, அதாவது ஒரு பாடத்துக்கு, 200 மணி நேரம். கிளாஸ்ல உக்கார்றது அதுல கொஞ்சம் தான், மிச்சம் பூரா நீங்களா படிக்கணும். டைம் டேபிள்ல வாரத்துக்கு ரெண்டு நாள் தான் கிளாஸ்னு பாத்து நாலு நாள் ஷிஃப்ட் போட்டவங்க கதையெல்லாம் எனக்கு தெரியும். டெர்ம் டைம்ல வேலை வாரத்துக்கு 20 மணி நேரம் தான் விசா கணக்கு, ஜூன் ஜூலைல கிளாஸ் இல்லையேன்னு ஃபுல் டைம் போயிடாதீங்க, ஒரு வருஷ மாஸ்டர்ஸ்ல டிசர்டேஷன் எழுதற மாசங்களும் டெர்ம் டைம்ல தான் வரும்.

படிக்கறதுக்கு: ரீடிங் லிஸ்ட்ல இருக்க பேப்பர மொத வரிலேந்து கடைசி வரி வரைக்கும் படிக்காதீங்க, தூக்கம் தான் வரும். அப்ஸ்ட்ராக்ட், அப்புறம் கன்க்ளூஷன், அப்புறம் தேவைன்னா நடுவுல. படிக்கும்போதே ஜொடேரோல போட்டு வச்சிடுங்க, ஃப்ரீ சாஃப்ட்வேர், ரெஃபரன்ஸ் அதுவே போட்டுக்கும், ஆனா அது போட்டத ஒரு தடவ சரி பாருங்க. ஹார்வர்ட் ஸ்டைல்னு சொல்வாங்க, ஆனா அதுக்கு ஒரே ரூல் புக் கிடையாது, யூனிவர்சிட்டிக்கு யூனிவர்சிட்டி கமா புள்ளியெல்லாம் மாறும், உங்க லைப்ரரி குடுக்கற கைட தான் பாக்கணும், சீனியரோட பழைய அசைன்மெண்ட பாத்து போடாதீங்க. எழுதும்போது வாக்கியம் வரலன்னா மான்செஸ்டர் யூனிவர்சிட்டியோட அகாடெமிக் ஃப்ரேஸ்பேங்க் இருக்கு, ஆன்லைன்ல ஃப்ரீயாவே பாக்கலாம், ஒருத்தரோட கருத்த எப்படி மறுக்கறது, ரிசல்ட்ட எப்படி அடக்கமா சொல்றதுன்னு வாக்கியம் வாக்கியமா இருக்கும். 'ப்ரூவ்ஸ்'னு போட்டு அடிச்சு சொல்றத விட 'சஜெஸ்ட்ஸ்'னு சொல்றது இங்க மரியாதை.

இப்ப பயமுறுத்தற பகுதி. அசைன்மெண்ட்ட மத்த எழுத்தோட ஒப்பிட்டுப் பாக்கற டர்னிட்டின் சாஃப்ட்வேர்ல வர்ற பர்சன்டேஜ பாத்து ஒருத்தர் 20 இருந்தா ஓகே ஒருத்தர் 10 தான்னு ஆளாளுக்கு ஒன்னு சொல்வாங்க. அது காப்பியடிச்ச அளவு இல்லங்க, வேற எங்கயோ இருக்கறதோட எவ்வளவு ஒத்துப் போகுதுன்னு மட்டும் தான் சொல்லும், உங்க ரெஃபரன்ஸ் லிஸ்டே அதுல மாட்டலாம். நம்ம பசங்க நெசமா மாட்டறது வாட்ஸ்அப் குரூப்ல தான். 'மச்சான் ஒரு தடவ காட்டு, ஐடியாக்கு மட்டும்'னு கேப்பான், நீங்களும் ஃப்ரெண்டுன்னு அனுப்புவீங்க, ரெண்டு பேருக்கும் சேர்த்து மெயில் வரும். இதுக்கு கொல்யூஷன்னு பேரு, குடுத்தவனுக்கும் தண்டனை உண்டு. காசுக்கு எழுதி தர்றேன்னு வர்றவங்கள பிளாக் பண்ணிடுங்க, 2022லேந்து இங்கிலாந்துல அப்படி எழுதி விக்கறது சட்டப்படியே குத்தம். சாட்ஜிபிடி விஷயத்துல மாட்யூலுக்கு மாட்யூல் ரூல் மாறுது, அசைன்மெண்ட் பிரீஃப்ல என்ன போட்டுருக்குன்னு படிங்க. அது இல்லாத பேப்பர இருக்கற மாதிரி ரெஃபரன்ஸ் குடுக்கும், அதோட மாட்டுனா ஒன்னும் பேச முடியாது.

டீச்சர்ஸ பேர் சொல்லி தான் கூப்பிடணும், மொத மாசம் வாய் வராது, பழகிடும். மெயில்ல 'ரெஸ்பெக்டட் சார்' வேணாம், 'டியர் டாக்டர்'னு போட்டு அவங்க குடும்பப் பேர போடுங்க, ரெண்டு வரில விஷயத்த சொல்லுங்க. ஆஃபீஸ் அவர்ஸ்னு போட்டுருந்தா அது உங்களுக்காக ஒதுக்குன நேரம், தொந்தரவு பண்றோமோன்னு நெனச்சு போகாம இருக்காதீங்க. நான் 48 வாங்கினப்புறம் தான் போனேன், 20 நிமிஷம் பேசுனாங்க. அவங்க தான் இன்-செஷனல் கிளாஸ் பத்தியே சொன்னாங்க. டெர்ம் நடக்கும்போதே எழுத்துக்கு உதவி பண்ற கிளாஸ், பெரும்பாலான இடத்துல காசு கிடையாது, சில இடத்துல நேர்ல உக்காந்து உங்க டிராஃப்ட்ட பாத்து பேசவும் செய்வாங்க. புதன்கிழமை மத்தியானம் எனக்கு அந்த கிளாஸ், மொத்தம் ஆறே பேர் தான் இருந்தோம், நம்மூர்க்காரன் நான் ஒருத்தன் தான்.

டிசர்டேஷனுக்கு ஆளுங்கள பேட்டி எடுக்கறதோ, கூகுள் ஃபார்ம் அனுப்பறதோ இருந்தா எதிக்ஸ் அப்ரூவல், அதாவது ஆளுங்கள வச்சு ஆய்வு பண்ண யூனிவர்சிட்டி குடுக்கற அனுமதி, வாங்கறதுக்கு முன்னாடி ஒருத்தருக்கும் அனுப்பிடாதீங்க. என் கிளாஸ் பொண்ணு ஒன்னு சென்னைல பழைய ஆஃபீஸ் ஆளுங்க எம்பது பேர்கிட்ட ஆர்வமா ஃபார்ம் வாங்கி வச்சிருந்துச்சு, அப்ரூவல் வந்தது அதுக்கு மூணு வாரம் கழிச்சு. அந்த எம்பதையும் தூக்கிப் போட்டுட்டு ஜூலைல மறுபடி எல்லாருக்கும் போன் போட்டு கெஞ்சிட்டு இருந்துச்சு.