பலா மரத்துக் கோழியைக் கூட்டில் அடைய வைத்தது

புளியரையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பலா நிற்கிறது. போன வருஷம் ஆனி வரைக்கும் எங்கள் கோழிகள் ராத்திரி தங்கியது அதில்தான். காசு கொடுத்துச் செய்த கூடு கீழே சும்மா கிடக்கும். பொழுது மங்கியதும் ஒவ்வொன்றாய்த் தொழுவத்து ஓட்டில் ஏறி, அங்கிருந்து கிளைக்குத் தாவிவிடும். பழம் பழுத்த வாசத்துக்கு ஒரு நாள் மரநாய் வந்தது. பழத்தோடு இரண்டு வெடைக்கோழியையும் முடித்துவிட்டுப் போனது. செங்கோட்டைப் பக்கம் 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர்கள்தானே, சம்பந்தமெல்லாம் இன்னும் மலைக்கு அந்தப்புறமும் உண்டு. கேரளத்து ஆரியங்காவில் பிறந்த என் மாமியாருக்கு அது மரப்பட்டி. "மரப்பட்டிக்கு நீ விருந்து வச்சிருக்கே" என்று அன்றைக்கு முழுக்கத் திட்டு.

கோழிமேல் தப்பில்லை. அதற்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. வெளிச்சம் இருக்கும்போதே உயரமான இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிடும். நான் செய்த கூட்டிலோ வெறும் தரைதான். இருந்ததில் உயரம் முட்டையிட வைத்த பெட்டி. கூட்டுக்கு வந்த ஒன்றிரண்டும் அதற்குள் அடைந்து, முட்டையெல்லாம் எச்சம். அதனால் முதல் வேலை, பெட்டியைவிட உயரத்தில் உட்காரக் கட்டை வைப்பது.

2 அங்குல அகல மர ரீப்பரை விளிம்பு இழைத்துப் போட்டேன். அதற்கு முன்னால் மிச்சம் கிடந்த பிவிசி பைப்பைப் போட்டுப் பார்த்தது வீண். கால் வழுக்கி ராத்திரி முழுக்கப் படபடவென்று சத்தம். ஒரு கோழிக்கு 8 முதல் 10 அங்குல இடம் வேண்டும். என்னிடம் பெட்டை 9, சேவல் 1. நாலடிக் கட்டை இரண்டை, ஒன்றரை அடி இடைவெளி விட்டு, தரையிலிருந்து 3 அடியில் வைத்தேன். இரண்டும் ஒரே உயரம். ஏணிப்படி மாதிரி வைத்தால் மேல்படிக்குத் தினமும் கொத்துச்சண்டை. தோற்றது கீழே உட்கார்ந்து முதுகில் எச்சம் வாங்கும். ரொம்ப உயரமும் வேண்டாம், காலையில் குதிக்கும்போது பாதம் அடிபட்டு வீங்கும்.

எங்களுக்குச் சாரல் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும். அந்தப் பக்கம் முழுக்கப் பலகை. காற்றுப் போகக் கூரைக்கு அடியில் மட்டும் ஒரு சாண் திறப்பு, அதிலும் அரை அங்குலக் கம்பிவலை. சாதாரணக் கோழிவலை பாம்புக்குட்டியைத் தடுக்காது.

இனிப் பழக்குவது. சாயங்காலம் துரத்திப் பிடிக்காதீர்கள், மறுநாள் இன்னும் மேல் கிளைக்குப் போகும். நன்றாக இருட்டின பிறகு, 8 மணி வாக்கில், ஏணி வைத்து ஏறினேன். டார்ச்சைக் கோழி முகத்தில் அடிக்காமல், நெஞ்சுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கினால் ஒரு முனகல்தான். கொண்டுபோய்க் கட்டையில் வைத்ததும் விரல் மடங்கிப் பிடித்துக்கொள்ளும். கதவைச் சாத்திவிடலாம். மறுநாளிலிருந்து சாயங்காலம் 5:30 மணிக்குக் கூட்டுக்குள் ஒரு கை கம்புத் தானியம், இருட்டும் நேரத்தில் அரைமணி ஜீரோ வாட் பல்பு. கட்டை கண்ணுக்குத் தெரிந்தால்தானே ஏறும்? ஓட்டில் ஏறுகிற வழியைத் தகரம் வைத்து மறித்தேன். பத்து நாளில் ஒன்பது படிந்தன. சாம்பல் நிறப் பெட்டை ஒன்று மட்டும் பிறகும் நாலு நாள் முருங்கையில் இருந்து என் முதுகை ஒடித்தது.

இப்போது தினமும் மாமியார் திண்ணையிலிருந்து கேட்பார், "கோழி கூட்டில் கேறியோ?" எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

ராத்திரி கோழி அசையாது, அதனால் பரிசோதிக்கத் தோதான நேரம். கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள், நிறைந்து உருண்டையாக இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை வெள்ளைத் துணியால் கட்டையின் அடிப்பக்கத்தைத் துடைப்பேன். சிவப்பாக ஒட்டினால் செள்ளுப்பூச்சி ரத்தம் குடித்திருக்கிறது. பகலில் அது விரிசலில் ஒளிந்திருக்கும், இருட்டில்தான் கோழிமேல் ஏறும். கட்டையைக் கழற்றி வெயிலில் போட்டு, முனைகளிலும் விரிசலிலும் வேப்பெண்ணெய் தடவுவேன். கட்டைக்கு அடியில் சாம்பல் தூவினால் காலையில் எச்சத்தை அள்ளுவது சுலபம். அள்ளும்போது பச்சையாக, தண்ணீராகக் கண்டால் அந்தக் கோழியைத் தனியே பிரித்துவிடுங்கள். புது எச்சத்தை நேராகச் செடிக்குப் போட்டால் கருகும், மட்கவிட்டுத் தென்னைக்கு வைக்கிறேன்.

குஞ்சுத்தாய்க்கு மட்டும் இந்தச் சட்டமெல்லாம் இல்லை. அது தரையில்தான் படுக்கும், குஞ்சுகள் இறகுக்குள் இருக்கும். பஞ்சாரக் கூடையில் கவிழ்த்து மேலே ஒரு கல் வைத்து, வீட்டுக்குள் வைத்துக்கொள்கிறேன். குஞ்சுக்கு இறக்கை முளைத்ததும் அதுவே பஞ்சாரத்து விளிம்பில் ஏறி நின்று ஆடிப் பழகும். அப்போது கூட்டில் கீழ்க்கட்டையாக ஒன்று கட்டினால் போதும்.