வினாத்தாளை எங்கே பிரிப்பது, எப்படி அடுக்குவது

ஆய்வு மாணவர்கள் மக்களிடம் தகவல் திரட்டத் தயாரிக்கும் வினாத்தாள்களைத் திருத்துவது என் வேலையில் ஒரு பகுதி. பெரும்பாலும் பெயர், வயது, வருமானம் என்று தொடங்கும். அப்புறம் நினைவுக்கு வந்த வரிசையில் கேள்விகள். மேலே 'பகுதி அ', 'பகுதி ஆ' என்று தலைப்புப் போட்டால் மட்டும் அது ஒழுங்காகிவிடாது.

முதலில் ஆய்வுக் கேள்வியைத் தனித்தாளில் எழுதுங்கள். இரவில் கைப்பேசி பார்ப்பது மாணவர்களின் தூக்கத்தைப் பாதிக்கிறதா என்பதுதான் ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். கைப்பேசிப் பழக்கம், தூக்கம், தூக்கத்தைக் கெடுக்கக்கூடிய பிற காரணங்கள் (தேர்வு நெருக்கடி, காபி, அறையில் இரைச்சல்) என மூன்று பகுதிகள் கிடைத்துவிடும். பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் எதிரில், அதன் விடை ஆய்வு முடிவின் எந்த அட்டவணைக்குப் போகும் என்று குறியுங்கள். குறிக்க முடியாததை அடித்துவிடுங்கள். "இருக்கட்டும் சார், பின்னால் உதவும்" என்பார்கள். உதவி நான் பார்த்ததில்லை.

இந்தப் பிரிவு உங்கள் வசதிக்கு. வரிசையைப் பதில் சொல்பவர் பக்கம் நின்று முடிவு செய்ய வேண்டும்.

வரிசை விடையையே மாற்றும். 1948இல் ஹைமன், ஷீட்ஸ்லி என்ற இரண்டு கருத்துக்கணிப்பு ஆய்வாளர்கள் அமெரிக்கர்களிடம் இதைச் சோதித்தார்கள். கம்யூனிஸ்ட் நாட்டு நிருபர்களை அமெரிக்காவுக்குள் விடலாமா என்று முதலிலேயே கேட்டபோது, சுமார் 36 சதவீதம் பேர்தான் சரி என்றார்கள். அமெரிக்க நிருபர்களை ரஷ்யா அனுமதிக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டு அதே கேள்விக்கு வந்தபோது, சரி என்றவர்கள் சுமார் 73 சதவீதம். கேள்வியில் ஒரு சொல்லும் மாறவில்லை.

ஆகவே நம் ஆய்வில் தூக்கத்தை முதலில் கேளுங்கள். கைப்பேசியைப் பற்றி விலாவாரியாகக் கேட்டுவிட்டுத் தூக்கத்துக்கு வந்தால், ஆள் உஷாராகிவிடுவார். தலைப்பும் காட்டிக்கொடுக்கும். 'கைப்பேசி அடிமைத்தனம்' என்ற பெயர் உங்கள் குறிப்பேட்டில் இருக்கட்டும். தாளில் 'உங்கள் இரவு நேரம்' போதும்.

தொடக்கத்தில் ஒப்புதல் பகுதி: யார் நடத்துகிறார்கள், எதற்காக, எவ்வளவு நேரம் ஆகும், விடைகளை யார் பார்ப்பார்கள், நடுவில் விலகலாம் என்பது. வயது, வருமானம் போன்றவை கடைசியில். வயதுவாரியாக இத்தனை பேர் என்று ஒதுக்கீடு வைத்திருந்தால் மட்டும் வயதை முன்னால் கேளுங்கள். பெயர் தேவையே இல்லை.

ஒரு பகுதிக்குள் ஒரே அளவுகோல் போதும். 1932இல் உளவியலாளர் லைக்கர்ட் கொடுத்த ஐந்து படிநிலை ('முழுவதும் ஏற்கிறேன்' தொடங்கி 'முழுவதும் மறுக்கிறேன்' வரை) இன்றும் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் ஓரிடத்தில் 1 என்றால் 'முழுவதும் ஏற்கிறேன்', அடுத்த பக்கத்தில் 1 என்றால் 'ஏற்கவில்லை' என்று வைக்காதீர்கள். கட்டம்கட்டமாக இருபது வரி அடுக்கினால் பலர் மேலிருந்து கீழே ஒரே நெடுவரிசையில் டிக் அடித்துக்கொண்டு போவார்கள். ஆறேழு வரியில் நிறுத்துங்கள்.

கூகுள் ஃபார்மில் செய்பவர்கள் கவனிக்க: அங்கே ஒரு விடையைப் பொறுத்துத் தாவுவது பகுதிவிட்டுப் பகுதிதான். 'காபி குடிப்பீர்களா' என்பதற்கு 'இல்லை' என்றவர் தாண்டிப்போக வேண்டிய கேள்விகளைத் தனிப் பகுதியாக வையுங்கள்.

கடைசியாக, ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரை உட்காரவைத்து, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லியபடி நிரப்பச் சொல்லுங்கள். குறுக்கே பேசாதீர்கள். 'இதை முன்னாடியே கேட்டீங்களே' என்று அவர் பக்கத்தைப் பின்னால் புரட்டினால், அந்த இரண்டு கேள்விகளும் ஒரே பகுதிக்குள் போக வேண்டியவை, அல்லது அவற்றில் ஒன்று வேண்டாதது.