மாலை வகுப்பில் ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்குவோருக்கு

1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இலங்கையின் இணைப்பு மொழி என்று அரசியலமைப்பில் எழுதிவைத்தது. பாடசாலைகள் அதனை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கின்றன. மட்டக்களப்பு நகரிலோ மெதடிஸ்த மிஷனரிமார் வந்திறங்கிய 1814 இலிருந்தே ஆங்கிலப் படிப்பு இருந்து வருகிறது. ஆயினும் வாவிக்கு மேற்கே, வெல்லாவெளியிலும் கொக்கட்டிச்சோலையிலும் வாழும் பிள்ளைகளிற் பெரும்பாலானோருக்குப் பாடவேளை முடிந்த பிறகு ஆங்கிலம் காதில் விழுவது அரிது என்பதால், நடைமுறையில் அது அவர்களுக்கு அந்நிய மொழியே. உயர்தரம் முடித்துவிட்டு ஊரில் ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரையுள்ள பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்த முன்வருகின்றவர்கள் இந்த நிலையிலிருந்தே தம் வகுப்பைத் திட்டமிட வேண்டும். பிள்ளையிடம் இல்லாதது இலக்கண அறிவன்று. கேட்டுப் பழகிய காது.

ஆகவே முதல் சில வாரங்களுக்குக் கொப்பியை மூடிவையுங்கள். எழும்பு, உட்கார், கதவைத் திற, புத்தகத்தை எடுத்து அடுத்தவரிடம் கொடு என்பன போன்ற கட்டளைகளை ஆங்கிலத்திற் சொல்லி, நீங்களே செய்து காட்டி, பிறகு பிள்ளைகளைச் செய்ய வையுங்கள். அவர்கள் உடனே பேச வேண்டும் என்று வற்புறுத்த வேண்டாம். கேட்டதைப் புரிந்துகொண்டு சரியாகச் செய்கின்ற பிள்ளை சில நாட்களில் தானாகவே மற்றவருக்குக் கட்டளையிடத் தொடங்கும். வாயால் பல முறை சொல்லாத எந்தச் சொல்லையும் எழுத வைப்பதில்லை என்பதை வகுப்பின் உறுதியான விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலச் சொல்லின் கீழே அதன் ஒலியைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளும் பழக்கம் நம் வகுப்புகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதைக் கண்டிப்பாக நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து. பன்றியைக் குறிக்கும் சொல்லும் பெரியது என்று பொருள்படும் சொல்லும் தமிழில் எழுதும்போது ‘பிக்’ என்றே ஆகிவிடுகின்றன. நீதிமன்றமும் மேலங்கியும் ‘கோட்’ என்ற ஒரே வடிவத்துக்குள் அடங்கிவிடுகின்றன. எழுத்து மறைத்துவிட்ட வேறுபாட்டைக் காது பிறகு ஒருபோதும் தேடிப்போவதில்லை. அதற்குப் பதிலாக ஒலியை உடம்பால் உணர வையுங்கள். வாய்க்கு முன்னே ஒரு மெல்லிய கடதாசித் துண்டைப் பிடித்துக்கொண்டு ‘பென்’ என்று பேனையைக் குறிக்கும் சொல்லைக் காற்றுடன் சொன்னால் கடதாசி அசையும். ‘பெட்’ என்று கட்டிலைச் சொல்லும்போது அது பெரும்பாலும் அசையாமல் நிற்கும். எஃப் ஒலி வராத பிள்ளையிடம் முதலில் ‘வ’ என்று சொல்லச் சொல்லுங்கள்: மேற்பல் கீழுதட்டை நெருங்கும் அதே இடத்தில் குரலை விட்டுவிட்டுக் காற்றை மட்டும் ஊதினால் அந்த ஒலி கிடைத்துவிடும். தமிழ் அங்கே தடையன்று, படிக்கட்டு.

வாக்கிய அமைப்புக்கு வரும்போது பாடநூலின் வாக்கியங்களை அப்படியே ஒப்புவிக்க வைக்காமல், பிள்ளையின் வீட்டில் உண்மையாக நடப்பவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா வேளாண்மை செய்கிறார், மாமா வாவியில் வலை வீசுகிறார், மருதமுனையில் பெரியம்மா கைத்தறி நெய்கிறார் என்பவை போதும். தமிழில் வினை கடைசியில் நிற்கும். ஆங்கிலத்தில் அது எழுவாயை அடுத்து வந்துவிடும். கரும்பலகையில் மூன்று நிரல்கள் வரைந்து, யார், என்ன செய்கிறார், எதை என்று பிரித்து, ஒவ்வொரு நிரலிலும் ஐந்தாறு சொற்களை எழுதிவிட்டால், பிள்ளைகள் அவற்றை மாற்றி மாற்றிப் பொருத்திப் பல வாக்கியங்களைத் தாமே சொல்லிவிடுவார்கள்.

கேள்வி கேட்பதுதான் அதிக நேரம் கொடுக்க வேண்டிய பகுதி. தமிழில் எந்தச் சொல்லின் இறுதியிலும் ஓர் ‘ஆ’ சேர்த்தால் கேள்வி பிறந்துவிடுகிறது. ஆங்கிலத்திலோ ஒரு துணைவினை முன்னே வந்து நிற்க வேண்டும். இதை விதியாகச் சொன்னால் மனதில் நிற்காது. ‘மை பிரதர் கோஸ் டு கல்முனை’ என்ற வாக்கியத்தைத் தனித்தனி அட்டைகளில் ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். ‘கோ’ ஓர் அட்டையிலும், அதனுடன் சேரும் ஈ, எஸ் ஆகிய இரு எழுத்துகள் சிறிய தனி அட்டையிலும் இருக்கட்டும். கேள்வியாக்கும்போது ‘டூ’ என்ற புதிய அட்டையை முன்னே வைத்து, அந்தச் சிறிய அட்டையைப் பிள்ளையின் கையாலேயே ‘கோ’விலிருந்து கழற்றி ‘டூ’வுடன் ஒட்ட வையுங்கள். ‘டஸ் யுவர் பிரதர் கோ டு கல்முனை?’ என்பது அவ்வாறு பிறக்கும். ‘மை’ மாறி ‘யுவர்’ வருவதையும் அப்போதே காட்டிவிடலாம். அந்த அட்டை ஒன்றே ஒன்றுதான், அது இரண்டு இடங்களில் இருக்க முடியாது என்பதைக் கண்ட பிள்ளை, ‘டஸ்’ வந்த பிறகும் ‘கோஸ்’ என்று சொல்லும் பழக்கத்தை மெல்ல மெல்ல விட்டுவிடும். பிறகு வட்டமாக உட்கார வைத்து, ஒருவர் கேட்க அடுத்தவர் பதில் சொல்லி, அவர் தமக்கு அடுத்தவரைக் கேட்குமாறு தொடருங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள்.

பேசிக்கொண்டிருக்கும் பிள்ளையை இடைமறித்துத் திருத்தாதீர்கள். பிழையைக் குறித்துவைத்து, சுற்று முடிந்த பின் பெயர் சொல்லாமல் கரும்பலகையில் எழுதி, எல்லோருமாகத் திருத்துங்கள். நம் பிள்ளைகளை வாய்மூட வைப்பது அறியாமையைவிட வெட்கமே. ஒருவர் பிழைவிடும்போது மற்றவர் சிரிப்பதை முதல் நாளிலேயே தடைசெய்துவிட வேண்டும். பொருளை விளக்கத் தமிழைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

எழுத்து வேலை இதன் பின்னரே. வாயில் பழகிய வாக்கியங்களை மட்டும் சொல்வதெழுதலாகக் கொடுங்கள். அரசு இலவசமாக வழங்கும் பாடநூலின் பகுதிகளை நீங்கள் முதலில் உரக்க வாசித்துக் காட்டிய பின்பு பிள்ளைகள் வாசிக்கட்டும். சாதாரண தரப் பரீட்சையின் கடந்தகால வினாத்தாள்களைப் பத்தாம் தரத்துக்கு முன் தொட வேண்டாம். பெற்றோர் கேட்பார்கள், ஏழாம் தரத்திலேயே வினாத்தாள் செய்விக்கும் வகுப்புகளுடன் ஒப்பிடுவார்கள். பேசத் தெரியாத பிள்ளையிடம் வினாத்தாளைக் கொடுத்தால் அது விடைகளைப் பாடமாக்கும், மொழியைக் கற்காது என்பதை அவர்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

பொத்துவில் பக்கத்தில் நிலைமை தலைகீழானது. அறுகம் குடாவில் கடற்சறுக்கலுக்கு வருவோருடன் பழகிய இளைஞர் பலர் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் ஒரு விண்ணப்பம் எழுதத் தயங்குவார்கள். அவர்களுக்கு அவர்கள் பேசியதையே பதிவுசெய்து, அதை அவர்களே எழுதி, பின் திருத்தும் முறை பொருந்தும்.

வீட்டில் ஆங்கிலம் கேட்க வழியில்லாதவர்களுக்கு, அன்றைய வாக்கியங்களை உங்கள் குரலில் பதிவுசெய்து பெற்றோரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள். ஒரு நிமிடத்துக்கு மேற்பட வேண்டாம். மாத இறுதியில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டைப் பற்றி ஒரு நிமிடம் பேசுவதையும் பதிந்துவையுங்கள். அடுத்த மாதப் பதிவுடன் அதை அருகருகே போட்டுக் காட்டும்போது, எந்த ஒலி இன்னும் வரவில்லை, எந்தக் கேள்வி அமைப்பு இன்னும் தடுமாறுகிறது என்பது பிள்ளைக்கும் தெரியும், அடுத்த மாதப் பாடத்தை எங்கே தொடங்குவது என்பது உங்களுக்கும் தெரியும்.