பீரோவும் பலகையும்: சாய்தளக் கணக்கைப் போடும் விதம்

வீடு மாறிய அன்று அம்மாவின் இரும்புப் பீரோவைக் குட்டியானையில் ஏற்ற வேண்டியிருந்தது. சுமை ஏற்ற வந்த பெரியவர் நான் எடுத்து வைத்திருந்த பலகையைப் பார்த்துவிட்டு, “இது குட்டை டீச்சர். நீட்டுப் பலகை இருந்தா கொடுங்க. நடுவுல மூச்சு வாங்க நின்னாலும் பீரோ நிக்கும்” என்றார். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாய்தளம் நடத்துகிறவள் நான். அவர் சொன்னது ஏன் சரி என்று கணக்காகப் போட்டுக் காட்டுகிறேன். இதைப் போட வந்துவிட்டால் அந்தப் பாடத்தில் பயப்பட ஒன்றும் இல்லை.

பீரோ 60 கிலோ. வண்டித் தளத்தின் உயரம் 0.8 மீட்டர். என் பலகை 1.6 மீட்டர். உயரத்தைப் பலகை நீளத்தால் வகுத்தால் 0.5. அதுதான் சைன் மதிப்பு, கோணம் 30 டிகிரி.

முதலில் படம். எடையைப் பலகைக்குச் செங்குத்தாக வரைந்துவிடுவதுதான் நான் அதிகம் திருத்தும் தப்பு. பலகை எப்படிச் சாய்ந்தாலும் எடை நேராகத் தரையைப் பார்த்துத்தான் இருக்கும். அளவு 60 × 9.8 (9.8 என்பது ஈர்ப்பு முடுக்கம்), அதாவது 588 நியூட்டன். பலகை பீரோவைத் தாங்கும் செங்குத்து விசை மட்டும்தான் பலகைக்குச் செங்குத்து. உராய்வு, பொருள் நகரும் திசைக்கு எதிரே இருக்கும். மேலே இழுத்தால் உராய்வு கீழ்நோக்கி, கீழே வழுக்கினால் மேல்நோக்கி.

அப்புறம் எடையை இரண்டு கூறாகப் பிரியுங்கள். பலகையின் போக்கில் ஒன்று, அதற்குச் செங்குத்தாக இன்னொன்று. இந்த இரண்டையும் பென்சிலால் புள்ளிக்கோடாகப் போடுங்கள், பேனா வேண்டாம். பேனாவில் போட்ட பிள்ளைகள் எடையையும் அதன் கூறுகளையும் சேர்த்துக் கூட்டி, ஒரே எடையை இரண்டு தடவை கணக்கில் எடுத்துவிடுகிறார்கள்.

எதற்குச் சைன், எதற்குக் காஸ்? மனப்பாடம் வேண்டாம். பலகையை மனதுக்குள் தரையில் படுக்க வையுங்கள். கோணம் பூஜ்யம். படுத்த பலகையில் பீரோ தானாக வழுக்காது, அதனால் பலகையின் போக்கில் உள்ள கூறு பூஜ்யமாக வேண்டும். பூஜ்யத்தின் சைன்தான் பூஜ்யம். ஆக, பலகையின் போக்கில் 588 × 0.5 = 294 நியூட்டன். செங்குத்தாக 588 × 0.866 = 509 நியூட்டன். செங்குத்து விசையும் அதே 509தான். அதை 588 என்று எழுதினால் அங்கிருந்து எல்லா விடையும் தப்பாகும்.

செங்குத்து விசையில் எத்தனை பங்கு உராய்வாகும் என்று சொல்லும் எண்தான் உராய்வுக் குணகம். இரும்புக்கும் மரத்துக்கும் அது 0.3 என்று வைத்துக்கொள்வோம். உராய்வு 0.3 × 509 = 153 நியூட்டன். ஒரே வேகத்தில் மேலே இழுக்க 294 + 153 = 447 நியூட்டன் வேண்டும். 9.8-ஆல் வகுத்துப் பாருங்கள், 45 கிலோவுக்கு மேல் தூக்குகிற பாரம் அது.

இனி வேலை. நகரும் திசையில் உள்ள விசையை நகர்ந்த தூரத்தால் பெருக்க வேண்டும். இழுத்தவர் செய்தது 447 × 1.6 = 715 ஜூல். செங்குத்து விசை செய்த வேலை பூஜ்யம், நகர்வுக்கு அது 90 டிகிரியில் இருக்கிறது. ஈர்ப்பு விசைக்குப் பலகை நீளம் தேவையே இல்லை, உயரம் போதும். 588 × 0.8 = 470 ஜூல், எதிர்க்குறியோடு. உராய்வு 153 × 1.6 = 245 ஜூல், அதுவும் எதிர்க்குறி. 470-உம் 245-உம் சேர்ந்தால் 715. வேகம் மாறவில்லை என்றால் மொத்த வேலை பூஜ்யமாகத்தான் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு குறியை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்.

சரி, பெரியவர் கேட்டது 3 மீட்டர் பலகை. சைன் மதிப்பு 0.267, காஸ் 0.964. பலகையின் போக்கில் 157 நியூட்டன், உராய்வு 170. இழுக்க வேண்டியது 327 நியூட்டன்தான். ஆனால் வேலையைப் பாருங்கள்: 327 × 3 = 981 ஜூல். குறையவில்லை, கூடிவிட்டது! ஈர்ப்பு அதே 470 ஜூலைத்தான் கேட்கிறது. மிச்சமெல்லாம் உராய்வுக்குப் போனது. பலகை விசையைக் குறைக்கும், வேலையைக் குறைக்காது. ‘சாய்தளம் வேலையைக் குறைக்கிறது’ என்று யாராவது எழுதினால் எனக்கு மனசே ஆறாது.

அப்படியானால் நீட்டுப் பலகை எதற்கு? 157-ஐயும் 170-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையை விட்டாலும் பீரோவைக் கீழே இழுப்பது 157தான். உராய்வால் 170 வரை பிடிக்க முடியும், அதனால் பீரோ நிற்கும். குட்டைப் பலகையில் 294-க்கு எதிரே 153 மட்டுமே இருந்தது. விட்டால் ஆள் மேலேயே வந்திருக்கும். உயரத்தைத் தரையில் உள்ள அடி நீளத்தால் வகுத்து வரும் டேன் மதிப்பு, உராய்வுக் குணகத்தைவிடச் சிறியதாக இருந்தால் பொருள் நிற்கும். எடை எவ்வளவு என்பது இதில் வராது.

வீட்டிலேயே செய்து பாருங்கள். பரீட்சை அட்டையில் ஜியோமெட்ரி பாக்ஸை வைத்து ஒரு முனையை மெதுவாகத் தூக்குங்கள். என் 34 செ.மீ. அட்டையில், முனை 12 செ.மீ. உயர்ந்ததும் பாக்ஸ் நழுவியது. அடி நீளம் 32 செ.மீ. 12-ஐ 32-ஆல் வகுத்தால் 0.38. அதுதான் அந்த இரண்டுக்கும் இடையே உள்ள உராய்வுக் குணகம். பாக்ஸுக்குள் காம்பஸையும் ரப்பரையும் போட்டு எடையைக் கூட்டியும் பார்த்தேன். கிட்டத்தட்ட அதே உயரத்தில்தான் நழுவியது.

அன்று பக்கத்து வீட்டில் நீட்டுப் பலகை கிடைத்தது. பாதி ஏறியதும் பெரியவர் பீரோவிலிருந்து கையை எடுத்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பீரோ அசையாமல் நின்றது.