'எனக்குப் பிடிக்கும்' வழியாக ஸ்பானிஷ், ஜெர்மன் உணர்ச்சி வினைகள்

ஸ்பானிஷ், ஜெர்மன் படிக்கும்போது உணர்ச்சி வினைகளை ஆங்கிலம் வழியாக யோசிக்காதீர்கள். ஆங்கிலத்தின் 'ஐ லைக்'கில் விரும்புகிறவர்தான் எழுவாய். ஸ்பானிஷின் 'மே குஸ்தா', இத்தாலியனின் 'மி பியாச்சே', ஜெர்மனின் 'மிர் கெஃபெல்ட்' மூன்றும் நம் 'எனக்குப் பிடிக்கும்' போலவே நான்காம் வேற்றுமையில் தொடங்கும்.

ஆனால் பிடித்த பொருளுக்கு நாம் 'ஐ' போடுவதுண்டு: 'அந்தப் படத்தைப் பிடிக்கும்.' அந்த மொழிகளிலோ படம்தான் எழுவாய். ஜெர்மனில் 'மிர் கெஃபெல்ட் டேர் ஃபில்ம்' என்றே வரும். 'டேன் ஃபில்ம்' ('படத்தை') தவறு. வினையும் அந்தப் படத்தோடுதான் இயையும். ஸ்பானிஷில் ஒரு புத்தகம் என்றால் 'மே குஸ்தா', பல என்றால் 'மே குஸ்தான்'. நம் 'பிடிக்கும்' எண்ணுக்கு மாறாததால் தமிழர்கள் இந்த 'ன்'னை அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். 'எனக்கு உன்னைப் பிடிக்கும்' என்பது 'மே குஸ்தாஸ்'. வினை முன்னிலையில் நிற்கிறது, பாருங்கள். பிரெஞ்சில் 'உன்னைப் பிரிந்து ஏங்குகிறேன்' என்பதற்கு 'த்யு ம மாங்க்'. 'ஜ த மாங்க்' என்று திருப்பினால் ஏங்குவது நீங்கள் அல்ல, எதிரில் இருப்பவர்!

பயம், கோபம், எரிச்சலுக்குப் பள்ளியில் படித்த தன்வினை, பிறவினையை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். 'பயமுறுத்தினான்' ஸ்பானிஷில் 'அசுஸ்தோ'. 'பயந்தான்' என்றால் முன்னால் ஒரு 'செ' சேர்த்து 'செ அசுஸ்தோ'. ஆங்கிலம் பெரும்பாலும் செயப்பாட்டுவினை வடிவத்துக்குத் தாவும் இடம் இது. ஜெர்மனிலும் இதே முறைதான்: 'எர் எர்கெர்ட் மிஷ்' என்றால் அவன் எரிச்சலூட்டுகிறான்; 'இஷ் எர்கெரெ மிஷ்' என்றால் நான் எரிச்சலடைகிறேன் ('மிஷ்' என்றால் 'என்னை'). திடுக்கிடுவதற்கு மட்டும் 'மிஷ்' தேவையில்லை, வினையின் உள்ளேயே ஒலி மாறும்: 'எர்ஷ்ரெக்டே' திடுக்கிடச் செய்தான், 'எர்ஷ்ராக்' திடுக்கிட்டான். திருத்து, திருந்து போலத்தான்.

துணைவினையோடு வரும் இறந்தகாலத்தில் அந்தத் துணைவினையைச் சரிபாருங்கள். இந்தத் தன்வினைகளுக்குப் பிரெஞ்சும் இத்தாலியனும் 'இரு' வினையை எடுக்கும். ஸ்பானிஷ் 'ஆபேர்', ஜெர்மன் 'ஹாபென்' (இரண்டும் ஆங்கில 'ஹேவ்' போன்ற துணைவினைகள்). ('எர்ஷ்ராக்' வகைக்கு மட்டும் ஜெர்மனிலும் 'இரு'.) 'கோபப்பட்டேன்' என்று பெண் சொன்னால் இத்தாலியனில் 'மி சோனோ அர்ராபியாதா', ஆண் சொன்னால் கடைசி ஒலி 'தோ'. பிரெஞ்சில் இந்த வேறுபாடு எழுத்தில் மட்டும், காதில் விழாது.

ஜெர்மனில் மகிழ்ச்சியைச் சொல்லும்போது முன்னிடைச்சொல் காலத்தையும் காட்டும். வரப்போகும் விடுமுறைக்கு 'இஷ் ஃப்ராயெ மிஷ் அவுஃப்'. கையில் கிடைத்துவிட்ட பரிசுக்கு 'ஊபர்'. இரண்டுக்குப் பிறகும் இரண்டாம் வேற்றுமையே வரும்.